பெரிய சிலந்தி பூச்சிக் கூடத்துக்கு

விலங்குப் பூங்காவில் அவளுக்குப் பூச்சியக்கா என்று பேர். வாயிற்காவலர் முதல் அதிகாரி வரை, அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். பூங்காவின் கடைசியில், வெயில் எட்டிப் பார்க்காத நீளமான கட்டடம் ஒன்று அவள் பொறுப்பு. வாசல் பலகையில் 'பூச்சிக் கூடம்' என்று எழுதியிருக்கும். உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். வண்டு, தேள், பூரான், காய்ந்த குச்சி போலவே நிற்கும் பூச்சி, சுண்டுவிரல் நகத்தளவு சிலந்திகள். சிலந்தி பூச்சியே இல்லை, அதற்கு எட்டுக் கால் என்று வருகிறவர்களிடம் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அதிகம் பேசமாட்டாள். பேசாதவற்றோடு இருப்பது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. அண்ணன் வீட்டில், மூன்றாவது மாடியில், பால்கனியை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. இரண்டு முறை கல்யாணப் பேச்சு வந்து, என்ன வேலை என்று கேட்ட இடத்திலேயே முறிந்துபோனது. இரண்டாவது தடவை வந்த அம்மாள் பதிலைக் கேட்டதும் தரையிலிருந்து காலைத் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டாள். அதை அண்ணி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். வயது நாற்பதை நெருங்கிய பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

"கையைக் கழுவிட்டு உள்ள வா. பாக்கெட்டுல யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கப் போறே" என்பதுதான் அண்ணி தினமும் சொல்லும் வரவேற்பு.

அந்த வருடப் பள்ளி விடுமுறைக்குப் பூங்காவில் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று அதிகாரிக்கு யோசனை வந்தது. பேரில் சிலந்தி இருக்கிற பிராணிகளையெல்லாம் ஒரே இடத்தில் காட்டுவது. நிஜச் சிலந்தி, சிலந்தி நண்டு, சிலந்திக் குரங்கு. பூங்காவின் குளத்தீவில் ஏற்கெனவே இரண்டு சிலந்திக் குரங்குகள் இருந்தன. ஆனால் இரண்டும் கிழவிகள். பகலெல்லாம் தூங்கி வழியும். எங்கோ ஒரு பூங்காவை மூடுகிறார்களாம், அங்கே இளம் பெண்குரங்கு ஒன்று தனியாக மிஞ்சியிருக்கிறது என்று கேள்விப்பட்டு அதை வரவழைத்தார். கூடவே, பூச்சியக்கா பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த, உள்ளங்கையை நிறைக்கிற மயிர்ச் சிலந்தி ஒன்றுக்கும் ஏற்பாடு செய்தார்.

வாய் திறக்காத பூச்சியக்கா அந்த மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் ஒரே சேதியைச் சொன்னாள். "எனக்குப் பெரிய சிலந்தி வருது."

எல்லாம் ஒரே லாரியில் வந்து சேர்ந்தன. பூங்கா திறக்காத காலை வேளை. வாயிலிலிருந்து ஓட்டுநர் அதிகாரிக்குப் போன் போட்டார். "சிலந்தி மூணு வந்திருக்கு சார். எதை எங்க இறக்கணும்?"

அதிகாரி பல் விளக்கிக்கொண்டிருந்தார். "தண்ணி ஒழுகுறது மீன் கூடத்துக்கு. பெரிய சிலந்தி பூச்சிக் கூடத்துக்கு. இன்னொண்ணு குரங்கு வீட்டுக்கு. வச்சுட்டுப் போங்க."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். ஒழுகுகிற தொட்டியில் சந்தேகம் இல்லை. மற்ற இரண்டில் ஒன்று, இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய மரப்பெட்டி. இன்னொன்று செருப்புப் பெட்டி அளவு. பெரியது எது என்று கேட்கவும் வேண்டுமா?

மரப்பெட்டி பூச்சிக் கூடத்து நடையில் வந்து இறங்கியபோது பூச்சியக்காவுக்கு அதிசயமாக இருந்தது. மண்ணும் மரக்கட்டையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, காற்றுக்காக விட்டிருந்த இடுக்கில் குனிந்து பார்த்தாள். இருட்டு. அந்த இருட்டிலிருந்து கறுப்பாக, ஒல்லியாக, மயிர் அடர்ந்து நீளமாக ஒன்று வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. நடுவில் மடங்கியது.

சிலந்திகளோடு பாதி வாழ்க்கையைக் கழித்தவளே இவ்வளவு நீளமான காலைப் பார்த்ததில்லை. அப்புறம்தான் அதன் நுனியில் விரல்கள் இருப்பதைப் பார்த்தாள். நான்கே விரல். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று மொட்டையாக இருந்தது. அந்த நான்கு விரலும் கொக்கி மாதிரி வளைந்து அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டன.

நடந்த குளறுபடி அவளுக்குப் புரிந்தது. ஆனால் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, சத்தமும் போடவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே வேகவேகமாக மூச்சு விடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நிதானப்பட்டது. சட்டையைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை.

அதே நேரத்தில் குரங்கு வீட்டில், அதன் பொறுப்பாளன் பயில்வான் தன் குரங்குகளுக்கெல்லாம் தீனி வைத்துவிட்டு வந்து, சின்னப் பெட்டியைத் திறந்தான். பயில்வான் என்பது சும்மா வைத்த பேர் இல்லை. கதவருகே நின்றால் அறைக்குள் வெளிச்சம் வராது. பூங்காவில் எந்த மிருகத்துக்கும் பயந்தவன் இல்லை என்று அவனுக்குப் பேர் இருந்தது.

பூச்சிக் கூடத்துப் போன் அடித்தது. குரங்கின் கை சட்டென்று பெட்டிக்குள் போய்விட்டது. பூச்சியக்கா எழுந்துபோய் எடுத்தாள். மறுமுனையில் குரல் கிசுகிசுத்தது.

"அக்கா, கொஞ்சம் வர முடியுமா? சீக்கிரம் வாங்க. ஆனா மெதுவா வாங்க."

"என்னாச்சு?"

"ஒரு பெட்டி வந்துச்சு. குரங்குக்கு மருந்து அனுப்பியிருக்காங்கன்னு திறந்தேன். மருந்து எழுந்து நடந்து போயிடுச்சு."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"மேல."

"மேலன்னா?"

"பழம் நறுக்குற மேசை மேல."

"அங்கயே நில்லுங்க. கீழ இறங்காதீங்க, மிதிச்சுடப் போறீங்க."

"நானா? நான் எதுக்கு இறங்கறேன்!"

அவள் போய்ச் சேர்ந்தபோது பயில்வான் எவர்சில்வர் மேசைமேல், தலை கூரையில் இடிக்காதபடி குனிந்து நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் போன், மறுகையில் துடைப்பம். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் முதலில் துடைப்பத்தை வாங்கிக் கதவுக்கு வெளியே வைத்தாள். பிறகு கதவடியில் இருந்த இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டு, முழங்காலிட்டு ஒவ்வொரு மூலையாகத் தேடினாள். பழக்கூடைகளுக்கு அடியில் இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இல்லை. சுவரோரம் ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. கடைசி ஜோடியின் இடது காலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இங்க இருக்கா" என்றாள்.

"அது என் பூட்ஸு" என்றான் பயில்வான் ஈனஸ்வரத்தில்.

"தெரியுது. நல்லா வசதியா உட்கார்ந்திருக்கா."

பூட்ஸைச் சாய்த்து, வாயருகே டப்பாவைப் பிடித்து, பின்பக்கம் ஒரு மயிலிறகால் தொட்டாள். பழுப்பு நிறச் சிலந்தி ஒவ்வொரு காலாக யோசித்து எடுத்து வைத்து டப்பாவுக்குள் போனது. மூடியை மூடிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"இறங்கலாம். விழுந்தா இவளுக்கு வயிறு கிழிஞ்சுடும். அதுதான் பயந்தேன். உங்களை ஒண்ணும் பண்ணமாட்டா."

"நான் பயப்படலக்கா" என்றான் பயில்வான், மேசையை விட்டு இறங்காமலே.

இந்தக் கதை சாயங்காலத்துக்குள் பூங்கா முழுக்கப் பரவிவிட்டது. மீன் கூடத்தில் சிலந்தி நண்டுகூடச் சிரித்ததாகச் சொன்னார்கள்.

*

சிரிப்பு அடங்குவதற்குள் கவலை வந்துவிட்டது. குரங்கைக் குரங்கு வீட்டின் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். புதிதாக வருவது எதுவானாலும் நோய் நொடி இல்லை என்று தெரியும்வரை அங்கேதான் வைப்பார்கள். பூச்சியக்கா வண்டியோடு கூடவே வந்தாள். வழியெல்லாம் அந்தக் கை இடுக்கு வழியாக அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தது. அறைக் கதவடியில் விரல் விரலாகப் பிரித்துத்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. அவள் போன பிறகு குரங்கு மூலையிலிருந்த பலகைமேல் ஏறி, வாலைத் தன் உடம்பிலேயே சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்ததுதான். அப்புறம் அசையவில்லை.

பயில்வான் தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டினான். கை தட்டினான், விசில் அடித்தான், கம்பியில் தொங்கினான். வாழைப்பழத்தை உரித்துத் தானே பாதி தின்று காட்டினான். மற்ற குரங்குகள் இதற்கெல்லாம் உயிரை விடும். இது திரும்பியே பார்க்கவில்லை. அவன் குரல் கேட்டாலே இன்னும் குறுகிப்போனது. தண்ணீர் மட்டும், யாரும் இல்லாதபோது, கொஞ்சம் குடித்தது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "நோய் ஒண்ணும் இல்ல. ரத்தம் எல்லாம் சுத்தமா இருக்கு. வாழற மனசு இல்ல, அவ்வளவுதான். மயக்கம் குடுத்துக் குழாய் வழியா ஆகாரம் இறக்கலாம். ஆனா எத்தனை நாள் அப்படிச் செய்ய முடியும்? இதயம் தாங்காது." கம்பிக்கு வெளியே நின்று வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "வந்த அன்னிக்கு யாரையோ பிடிச்சுக்கிட்டே வந்துச்சே, யாரை?"

"பூச்சியக்காவை" என்றான் பயில்வான்.

"கூப்பிடுங்க அவங்களை."

அவள் வந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. குரங்கைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்ததெல்லாம் சும்மா இருப்பது. எனவே ஒரு முக்காலியைப் போட்டுக் கம்பிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். மடியில் ஒரு கூடை இலை. குச்சிப்பூச்சிகளுக்குப் போட வேண்டிய இலை. பழுத்தது, புழு அரித்தது எல்லாம் கிள்ளி எறிந்து நல்லதைத் தனியாக வைக்க வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்தாள். மதியம் ஆவதற்குள் பின்னால் பலகை கிரீச்சிட்டது. குரங்கு திரும்பி உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "தினமும் காலையில நீங்க இங்கதான் இருக்கணும். அது தானா சாப்பிடற வரைக்கும் குடிக்கிற தண்ணியில சத்து மருந்து கலந்து வைக்கிறேன்."

"என் கூடத்தை யார் பார்ப்பாங்க?"

டாக்டரம்மா பயில்வானைப் பார்த்தார். பயில்வான் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

*

அவனுக்குப் பாடம் எடுப்பது சுலபமாக இல்லை. முதல் நாள் பூச்சிக் கூடத்துக்குள் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நடந்தான். எந்தப் பெட்டிக்கு எவ்வளவு வெளிச்சம், எதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், எதற்கு மூடியில் ஊற்றி வைக்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டினான். பெரிய சிலந்தியின் பெட்டி வந்ததும் நின்றுவிட்டான்.

"இவங்களுக்கு?"

"வாரத்துக்கு ஒரு வெட்டுக்கிளி. தண்ணி தீர்ந்தா மட்டும் ஊத்துங்க. மத்தபடி பெட்டியைத் திறக்காதீங்க, தட்டாதீங்க."

"திறக்கறதா! சாமி சத்தியமா மாட்டேன்."

சிலந்திக்கு அவன் 'மேடம்' என்று பேர் வைத்தான். கூடத்துக்குள் நுழையும்போது "வணக்கம் மேடம்" என்பான். தண்ணீர் ஊற்றும்போது "உத்தரவு மேடம்" என்பான். நீண்ட குழாயால், எட்ட நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவான். மதியம் அவள் திரும்பி வந்ததும் காலைச் சேதி முழுவதையும் ஒப்பிப்பான்.

"மேடம் இன்னிக்கு மூணாவது காலைத் தூக்கிக் கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் வேண்டாம்னு வச்சுட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரும். தன்னுடைய பங்குக்கு அவளும் சொல்வாள். இன்றைக்குக் குரங்கு பலகையை விட்டுக் கீழே இறங்கியது. இன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. இன்றைக்கு நான் கிள்ளிப்போட்ட பழுத்த இலையைக் கம்பி வழியாக எடுத்து முகர்ந்து பார்த்தது. ஒரு நாளைக்கு இத்தனை வாக்கியம் அவள் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது. பேச்சு முடிந்தும் அவன் கிளம்பாமல் எதையாவது துடைத்துக்கொண்டு நிற்பான். அவளும் போகச் சொல்லமாட்டாள்.

அண்ணி இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டில் பயில்வான் இப்படிச் சொன்னார், பயில்வான் அப்படிச் செய்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏன் நாத்தனாரே, வாயிற்காவலர் அண்ணன். லாரிக்காரர் அண்ணன். மீன் கூடத்துக்காரர் அண்ணன். இவர் மட்டும் எப்படி வெறும் பயில்வான்?"

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க அண்ணி."

"சரி, சரி. சாப்பிடு."

அண்ணன் ஒன்றும் புரியாமல் தண்ணீர் கேட்டார்.

*

குரங்கு அவளைத் தொட்ட நாளும், மேடத்துக்கு விபரீதம் நடந்த நாளும் ஒன்றாகவே வந்தன.

அன்று காலை அவள் வழக்கம்போல முதுகு காட்டி உட்கார்ந்து இலை ஆய்ந்துகொண்டிருந்தாள். கழுத்தில் எதுவோ உரசியது. இதமான சூடு, உள்ளங்கை போல மயிரில்லாத மென்மையான தோல். குரங்கின் வால்நுனி. அது தோளில் இறங்கி, முழங்கை வரை நிதானமாகத் தடவிப் பார்த்து, கடைசியில் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. அவள் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. சுற்றப்படாத கையால் தட்டிலிருந்து ஒரு திராட்சையை எடுத்து, திரும்பாமலே, கம்பியோரம் வைத்தாள். திராட்சை மறைந்தது. இன்னொன்று வைத்தாள். அதுவும் மறைந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் இலைக்கூடைக்குள் சொட்டியது.

அதே நேரத்தில் பயில்வான் கூடத்துக்குள் நுழைந்து "வணக்கம் மேடம்" என்று சொல்லிவிட்டு, அப்படியே நின்றான். மேடம் மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே பார்த்து விரிந்திருந்தன. அசைவே இல்லை.

அவனுக்குக் கைகால் ஓடவில்லை. நேற்று ஊற்றிய தண்ணீரில் எதுவும் கலந்திருந்ததா? விளக்கைக் கூட்டி வைத்துவிட்டேனா? போனை எடுத்தான். குரங்கு வீட்டில் மணி அடித்தால் அந்தக் குரங்கு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும் என்று நினைத்து வைத்துவிட்டான். திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒருமுறை மூடிவரை கை போனது. அதற்கு மேல் கை கேட்கவில்லை. கடைசியில் வாசல் கதவைச் சாத்தி, 'இன்று இல்லை' என்ற பலகையை மாட்டிவிட்டு, விளக்குகளை அணைத்து, பெட்டியின் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெளியே பிள்ளைகள் கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

பூச்சியக்கா மதியம் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கதவைத் திறந்ததும் "சாப்பிட்டுச்சு!" என்றாள். "பயில்வான், குரங்கு சாப்பிட்டுச்சு!"

இருட்டில் அவன் எழுந்து நின்றான். கண் சிவந்து வீங்கியிருந்தது. "அக்கா, என்னை மன்னிச்சுடுங்க" என்று பெட்டியைக் காட்டினான்.

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பியபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

"சாகலைங்க" என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "தோல் உரிக்கப் போறா. இவங்க மல்லாந்துதான் உரிப்பாங்க. சத்தம் போடாம உட்காருங்க. இந்தக் காட்சி எல்லாருக்கும் கிடைக்காது."

"நிஜமாவா? அப்ப நான் திருப்பிப் போட்டிருந்தா?"

"போயிருப்பா. இப்ப உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். நீங்க தொட்டீங்களா?"

"எங்க தொடறது? பயத்துல கை போகல."

"அந்தப் பயம்தான் இவளைக் காப்பாத்தியிருக்கு."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். முதலில் முதுகு ஓடு ஒரு மூடி போல விலகியது. அப்புறம் கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல, பழைய கால்களுக்குள்ளிருந்து வெளிறிய புதுக் கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இழுத்தது, ஓய்ந்தது, மறுபடி இழுத்தது. ஒரு கால் வெகுநேரம் சிக்கிக்கொண்டபோது பயில்வான் தன் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டான். அதுவும் வந்துவிட்டது.

"காலையிலேர்ந்து இங்கயேவா உட்கார்ந்திருந்தீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா. ஒண்ணும் செய்ய முடியாம பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது எனக்குப் பழக்கம்தான். என் வீட்டுக்காரி கடைசியில ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா." பெட்டியைக் காட்டினான். "இப்படி எழுந்திருச்சதை இப்பத்தான் பார்க்கறேன்."

அவள் அவன் தோளுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். பெட்டிக்குள், பழைய தோல் ஒருபுறமும் புதுச் சிலந்தி ஒருபுறமுமாக, இரண்டு மேடம் இருந்தார்கள்.

*

குரங்கு அதற்குப் பிறகு வேகமாகத் தேறியது. ஒரு நாள் அவள் பயில்வானையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "கை தட்டக் கூடாது. விசில் கூடாது. இலை ஆயுங்க." அவன் ஆய்ந்தான். அவன் ஆய்ந்ததில் நல்ல இலையெல்லாம் கீழே கிடந்தது; அழுகியது கூடையில் இருந்தது. ஆனால் சிலந்தியோடு பழகி அவனுக்கு அசையாமல் இருக்க வந்துவிட்டிருந்தது. இரண்டாம் நாளே வால் அவன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தது. மூன்றாம் நாள் அவன் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு பலகைக்கு ஓடியது.

கண்காட்சியைத் தள்ளிப்போட முடியாது என்று அதிகாரி குதித்தார். குரங்கைக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவர முடியாது என்று டாக்டரம்மா அதற்கு மேல் குதித்தார். டாக்டரம்மா ஜெயித்தார். நண்டும் மேடமும் மட்டும் வந்தார்கள். குரங்குக்குப் பதிலாக ஒரு படம். குரங்கு இல்லாத குறையைப் பயில்வான் தீர்த்தான். மேடத்தின் பழைய தோலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் நடுவே நின்று பேசினான். அந்தக் கையை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நீட்டியிருந்தான் என்பது பூச்சியக்காவுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"இவங்க மூணு பேரும் சொந்தக்காரங்களா?" என்று முன்வரிசையில் ஒரு சிறுமி கேட்டாள்.

"நண்டு, சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். போக்குவரத்து இல்ல. குரங்கு சிலந்திக்குச் சொந்தமே இல்ல, நமக்குத்தான் நெருங்கின சொந்தம். கைகால் நீளமா இருக்குன்னு யாரோ பேர் வச்சுட்டாங்க. என்னைக்கூடப் பயில்வான்னுதான் சொல்றாங்க. ஒரு நாள் நான் மேசை மேல ஏறி நின்ன கதை தெரியுமா?"

தன் கதையைத் தானே சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தான். பூச்சியக்கா ஓரமாக நின்று கேட்டாள். அந்தக் கதையில் மேசையின் உயரம் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனது.

கண்காட்சி முடிந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் மூன்று மாடி ஏறி அவள் வீட்டு மணியை அடித்தான். அண்ணி கதவைத் திறந்தாள். வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பழப்பையுமாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

"யாரைப் பார்க்கணும்?"

"வந்து... அக்... பூச்சி... அவங்கள."

அண்ணிக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். "அக்காவைப் பார்க்க வந்திருந்தா, உட்காரு தம்பி. வேற விதமா வந்திருந்தா, உட்காருங்க."

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "உட்கார்றேங்க" என்று சொல்லி உட்கார்ந்தான். நாற்காலி முனகியது.

உள்ளே தன் அறையில் பூச்சியக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கதவுவரை வந்துவிட்டு, திரும்பிப்போய்த் தலையை வாரிக்கொண்டு, மறுபடி வந்தாள். அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, குரங்குகளுக்கு ஜலதோஷம் பிடிக்குமா என்று கேட்டார். அவருக்குத் தோன்றிய முதல் கேள்வி அதுதான். பிடிக்கும் என்றும், நம்மிடமிருந்தே தொற்றும் என்றும் பயில்வான் விவரமாகச் சொன்னான். அவன் விடைபெறும்போது நன்றாக இருட்டிவிட்டது. படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும், "வெளிச்சத்தைத்தான் மறைக்கிறார். மத்தபடி நல்ல மனுஷன்" என்று அண்ணி தீர்ப்பு சொன்னாள்.

*

மழைக்காலம் தொடங்கும் முன்பு குரங்கைத் தீவில் விட முடிவாயிற்று. கிழவிகள் இரண்டும் ஏற்றுக்கொள்ளுமா, கடித்து விரட்டுமா என்று யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா மருந்துப் பையோடு தயாராக நின்றார். பயில்வான் கூண்டுக் கதவைக் கயிற்றால் தூக்கினான். பூச்சியக்கா மறைப்புத் தட்டிக்குப் பின்னால் நின்று ஓட்டை வழியாகப் பார்த்தாள்.

குரங்கு வாசலில் தயங்கியது. ஒரு கையை வெளியே நீட்டிப் புல்லைத் தொட்டது. மேலே வானம் அவ்வளவு பெரியதாக இருந்தது அதற்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. திரும்பிக் கூண்டுக்குள் பார்த்தது. அப்போது உச்சிக் கிளையில் தூங்கிக்கொண்டிருந்த பெரிய கிழவி கண் விழித்து, கயிறு வழியே கைமாற்றிக் கைமாற்றி இறங்கி வந்தது. டாக்டரம்மா பையைத் திறந்தார். பெரிய கிழவி எதிரே வந்து நின்று, மெலிந்த இரண்டு கையையும் விரித்து, புதுக்குரங்கைக் கட்டிப்பிடித்தது. மார்பில் முகத்தைப் புதைத்து முகர்ந்தது. சின்னக் கிழவியும் அவசரமாக இறங்கி வந்து, இடம் கிடைத்த பக்கத்தில் தானும் கட்டிக்கொண்டது. எந்தக் கை யாருடையது, எந்த வால் யாருடையது என்று தூரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"சரி" என்று டாக்டரம்மா பையை மூடினார். "சரி."

கொஞ்ச நேரத்தில் மூன்றும் கயிற்றில் ஏறின. இளையது ஒரு தாவலில் இரண்டு கிழவிகளையும் தாண்டிப்போய், கிளையில் வாலால் தலைகீழாகத் தொங்கி ஆடியது. ஒருமுறைகூடத் தட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அது வலிக்கும் என்று பூச்சியக்கா இரவெல்லாம் நினைத்திருந்தாள். வலிக்கவில்லை.

தூறல் விழ ஆரம்பித்தது. டாக்டரம்மா குடையைத் தேடிக்கொண்டு கிளம்பினார். இவர்கள் இருவரும் நனைந்துகொண்டே குரங்கு வீட்டு அடுக்களைக்கு நடந்தார்கள். மூன்று பேருக்கான பழம் நறுக்க வேண்டியிருந்தது.